ஊர் உறங்கும் வேளை



ஸ்ரீவில்லிபுத்தூரின் கடைத்தெருவை ஒட்டிய ஒரு வீதியை இரவு பதினொரு மணிக்கு மனக்கண்ணால் பாருங்கள். ஒரு வீட்டு மாடியில் மட்டும் விளக்கு எரிகிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி புத்தகத்தின்மேல் குனிந்திருக்கிறாள். தெருமுனைக் கடையின் முன் லாரி ஒன்று வந்து நிற்கிறது. அதன் பின்பலகை சங்கிலியோடு சடாரென்று விழுகிறது. மூட்டைகள் இறங்கத் தொடங்குகின்றன. அடுத்த வீட்டுக் குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. மாணவியின் கவனம் சிதறிப்போகிறது.

லாரிக்காரரை நொந்துகொண்டு சன்னலைச் சாத்துவது எளிது. ஆயினும், பகலெல்லாம் நெரிசல் மிகுந்த அந்தத் தெருவுக்குள் அவர் வேறு எப்போது வரமுடியும்? மறுநாட் காலையில் நம் வீட்டு உலைக்குப் போகும் அரிசியல்லவா அந்த மூட்டையில் இருக்கிறது? பண்டமும் வந்து சேரவேண்டும், ஊரும் உறங்கவேண்டும். இவ்விரண்டையும் ஒரே தெருவில் எவ்வாறு பொருத்துவது என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய கேள்வி.

இக்கேள்வி புதியதன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரி இதனை எதிர்கொண்டது. ஜூலியஸ் சீசர் காலத்தது என்று கருதப்படும் ஒரு நகரச் சட்டம், சூரியோதயம் முதல் பிற்பகலின் பெரும்பகுதி கழியும்வரை பாரவண்டிகள் நகருக்குள் ஓடக்கூடாது என்று விதித்தது. கோயிற் கட்டடப் பணி முதலியவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பகலில் தெருக்கள் மக்கள் நடமாட்டத்துக்குத் தகுதியாயின. ஆனால் வண்டிகள் மறைந்துவிடவில்லை, இரவுக்கு மாறின. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து வாழ்ந்த ஜுவனல் என்னும் அங்கதக் கவிஞர், அவ்வண்டிகளின் இரைச்சலால் எளிய மக்கள் உறக்கமிழந்து வாடியதைக் கடிந்து பாடினார். நேரத்தை மட்டும் வகுக்கும் விதி, தொல்லையை ஒருவர் தலையிலிருந்து இறக்கி மற்றொருவர் தலையில் ஏற்றிவிடக்கூடும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

நம் தலைநகரின் கதையும் இத்தகையதே. சென்னையில் கொத்தவால் சாவடியின் குறுகிய தெருக்களில் நெருக்குண்டு கிடந்த காய்கனி மொத்த வணிகம், 1996 ஆம் ஆண்டு கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. நகரின் முக்கியச் சாலைகளில் பகல் வேளையில் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே ஊர் உறங்கும்போதுதான் அதற்குரிய உணவு வந்து இறங்குகிறது. அந்நேரத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளியும் தம் உறக்கத்தை விற்றே ஊதியம் பெறுகிறார் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, சட்டம் கூறுவது யாதெனக் காண்போம். இந்திய அரசு 2000 ஆம் ஆண்டில் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை வகுத்தது. அவற்றின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இராப்பொழுது. குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் மேற்படக்கூடாது. வணிகப் பகுதியில் இவ்வளவுகள் 65, 55 ஆகும். மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கு அளவுகள் 50, 40. இரவில் குடியிருப்புப் பகுதிகளில் ஆபத்து வேளையிலன்றி ஹாரன் ஒலிக்கக்கூடாது என்ற விதி 2010 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது.

பத்து டெசிபல் என்ன பெரிது என்று எண்ணவேண்டா. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது; செவிக்கோ அது ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். நாம் விழித்தெழாவிடினும், உறங்கும் உடல் அவ்வோசையை உணர்கிறது, நாடித்துடிப்பு உயர்கிறது, உறக்கத்தின் ஆழம் குறைகிறது. ஆதலால்தான் உலக சுகாதார நிறுவனம் 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், படுக்கையறைக்குள் ஒலி 30 டெசிபலுக்கு மேற்படாதிருத்தல் நலம் என்றது.

இவ்விதிகளுக்குப் பின்னே மனிதத் துயரமும் உண்டு. 2005 ஆம் ஆண்டு சூலை 18 ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒலித்தொல்லை குறித்து ஒரு விரிவான தீர்ப்பு வழங்கியது. அவ்வழக்கின் தொடக்கத்தில், கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியின் கூக்குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கியின் இரைச்சலில் எவர் செவியிலும் விழாமற்போன செய்தி எடுத்துரைக்கப்பட்டிருந்தது. அமைதியாக வாழ்தலும் அரசமைப்பின் 21 ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையுள் அடங்கும் என்று நீதிமன்றம் தெளிவுறுத்தியது. பேசுவதற்கு ஒருவருக்கு உரிமை உண்டு. கேட்க விரும்பாதவர் செவியில் அதனைத் திணிக்க உரிமை இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

எனினும், இந்த ஒலி விதிகள் மூட்டை இறக்கும் நேரத்தை வகுக்கவில்லை. எந்தச் சாலையில் எந்த வண்டி எப்போது செல்லலாம் என்று வரையறுக்க 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வழி தருகிறது. ஆனால் ஒரு தெருவின் நாள்முறை அத்தெருவாருக்கே நன்கு தெரியும். ஆகவே ஊராட்சி அமைப்பும், காவல்துறையும், வணிகரும், லாரி உடைமையாளரும், குடியிருப்போரும் ஒன்றாக அமர்ந்து பேசினாலன்றி நல்ல விதி பிறவாது.

ஒல்லாந்து நாட்டார் இதில் ஒரு நல்வழி காட்டினர். இரவு நேரத்தில் சரக்கு இறக்கும் ஓசை, 7.5 மீட்டர் தொலைவில் 60 டெசிபலுக்கு மிகாமல் இருக்கத்தக்க கருவிகளை அவர்கள் உருவாக்கினார்கள். வேலையை நிறுத்தாமல் ஓசையை மட்டும் குறைத்தார்கள். நம் ஊரில் அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சங்கிலிக்கு ஒரு கோணியுறை, தள்ளுவண்டிக்கு ரப்பர் சக்கரம், நிற்கும்போது எஞ்சினை அணைக்கும் பழக்கம், பின்பலகையைக் கையால் தாங்கி இறக்கும் பொறுமை, இவை போதும். கூடுமானவற்றைப் பத்து மணிக்கு முன் இறக்கிக்கொள்ளக் கடைக்காரரும் ஏற்பாடு செய்யலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இது எட்டாத செயலன்று. பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் பால் விடியலுக்குக் காத்திராது. கறந்த பால் கெடுமுன் வந்து சேரவேண்டும். திருமங்கலத்திலிருந்து இராசபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் லாரிகள் இரவெல்லாம் ஓடுகின்றன. இவற்றை முற்றும் தடுப்பது பிழைப்பைத் தடுப்பதாகும். அதே வேளையில், ஆண்டாள் பிறந்த ஊரும் இதுவே. அவர் அருளிய திருப்பாவையில் தோழியர் வைகறையில் வீடு வீடாகச் சென்று, வாயிலில் நின்று, உறங்குவோரைத் தம் குரலாலேயே அழைத்து எழுப்புகின்றனர். எழுப்புவதிலும் ஓர் இங்கிதம் உண்டு என்பதை இவ்வூருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் வணிகராவீர்கள். சிலர் நகராட்சி மன்றத்தில் அமர்வீர்கள். சிலர் வண்டி ஓட்டுவீர்கள். சுவரின் மறுபுறத்தில் நோயாளி ஒருவர் படுத்திருக்கிறார், குழந்தை ஒன்று உறங்குகிறது, இரவுப்பணி முடித்த தொழிலாளி ஒருவர் கண்ணயர்கிறார் என்ற நினைவு உங்களுக்கு இருக்குமானால், சட்டப் புத்தகத்தைத் திறக்கவேண்டிய தேவை குறையும். அந்த நினைவை இன்றிரவே உங்கள் வீட்டு வானொலியிலிருந்து தொடங்குங்கள். பத்து மணி அடித்ததும் அதன் ஒலியைச் சற்றே குறைத்துவிடுங்கள்.