ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தல்: ஒருநாள் வேலையா, வாழ்நாள் வேலையா?

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரும் கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியபோது, தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை.)



உங்களில் சிலர் வெள்ளவத்தைப் பக்கம் வீடுகளில் வேலை செய்கிறீர்கள். சிலர் புறக்கோட்டையிலும் இங்கே கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் நிற்கிறீர்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளில் தூங்காமல் இங்கே வந்திருக்கிறீர்கள். அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் கூட்டாளிகளோடு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். நான் சொல்லப்போவதில் உங்களுக்கும் ஏதாவது இருக்கும்.

"வாழ்க்கையை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். தோட்டத்தில் இந்தச் சொல்லை நான் அடிக்கடி கேட்கிறேன். பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு, "நான் கடவுள்கிட்ட ஒப்படைச்சிட்டேன் சார்" என்கிறார் ஒரு அம்மா. மகன் பள்ளிக்கூடம் போகாமல் சுற்றுகிறான், அப்பா "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்குவாரு" என்கிறார். இதெல்லாம் ஒப்புக்கொடுத்தல்தானா? இல்லை, நம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறதா? இதை யோசிக்க, உண்மையாகவே ஒப்புக்கொடுத்த ஒருவரின் கதையைப் பார்ப்போம். அவர் நம் நாட்டில் வாழ்ந்து, நம் நாட்டிலேயே செத்தவர். புனித யோசப் வாஸ் அடிகளார்.

அவர் 1651ஆம் ஆண்டு கோவாவில் பிறந்தார். 1676இல் குருவானார். அடுத்த வருஷம், 1677இல், ஒரு கடிதாசியை எடுத்துத் தம் கையால் ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது அடிமைப் பத்திரம். தேவதாய்க்கு நான் அடிமை என்று எழுதி, அந்தத் தாயின் வழியாகத் தம்மை முழுக்க ஆண்டவருக்குக் கொடுத்தார்.

அடிமை என்ற சொல் தோட்டத்து மக்களுக்குக் கசக்கும். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு என்று ஒரு கடிதாசி இருந்தது. கங்காணியிடம் தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனை வேறு தோட்டம் கட்டினால்தான் ஆள் இடம் மாற முடியும். அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். துண்டை எழுதியவன் வேறு ஆள், அதில் கட்டுப்பட்டவன் வேறு ஆள். யோசப் வாஸ் அடிகளார் எழுதிய பத்திரம் அப்படியல்ல. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அன்பினால் தம்மைத் தாமே எழுதிக் கொடுத்தார். ஒப்புக்கொடுத்தல் என்பது முதலில் இதுதான்: பயத்தினால் அல்ல, விருப்பத்தோடு கொடுப்பது.

ஆனால் அந்தக் கையெழுத்தோடு கதை முடியவில்லை. அங்கேதான் ஆரம்பம்.

அந்தக் காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் அவர்கள் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள், வழிபாட்டைத் தடை செய்தார்கள். கிட்டத்தட்ட 30 வருஷம் இங்கே ஜனங்களுக்குப் பூசை வைக்க குரு இல்லை. இதைக் கேள்விப்பட்ட யோசப் வாஸ் அடிகளார், தூத்துக்குடி வழியாக 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவின் அங்கியைக் கழற்றிவிட்டு ஏழைப் பிச்சைக்காரனின் உடையில் வந்தார். வந்ததும் கடுமையான வயிற்றோட்டம். ஒப்புக்கொடுத்தவருக்கு முதலில் கிடைத்தது அதுதான்! குணமான பிறகு, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறதோ, அவர்கள் கத்தோலிக்கர் என்று கண்டுபிடித்து, இரவில் மறைவாகப் பூசை வைத்தார்.

பிறகு 1692இல் கண்டிக்குப் போனார். ஒற்றன் என்று சொல்லி அவரைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். அந்தக் காவலில் இருந்துகொண்டே சிங்களம் படித்தார். 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. சொந்த ஜனங்களே நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளார் அவர்களுக்குக் குடிசை போட்டார், சாப்பாடு கொடுத்தார், புண்ணைக் கழுவினார், செத்தவர்களைப் புதைத்தார். என்ன மதம் என்று கேட்கவில்லை. அதைப் பார்த்து இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரை மதித்தார்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அவர் சும்மா இருக்கவில்லை. தன்னைக் கொடுத்துவிட்டவர் கூடுதலாக வேலை செய்தார். ஆகையால் குளிசையை நிறுத்துவது ஒப்புக்கொடுத்தல் இல்லை. குளிசையும் போட்டு, கிளினிக்கும் போய், அதற்கு மேல் நடப்பதை ஆண்டவர் கையில் விடுவதுதான் ஒப்புக்கொடுத்தல்.

அடிகளார் ஊருக்குத் திரும்பவே இல்லை. 24 வருஷம் இந்த நாட்டில் நடந்து திரிந்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். 1995இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் காலிமுகத்திடலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி, அதே திடலில், பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். பத்திரம் எழுதிய நாளிலிருந்து சாகும் நாள்வரை 33 வருஷத்துக்கும் மேல். ஒருநாள் போட்ட கையெழுத்தை அவர் ஒவ்வொரு நாளும் கட்டித் தீர்த்தார்.

இனி, வெட்கத்தோடு என் கதையைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் ஊழியர் சேமலாப நிதிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலையில் ஒன்று. எங்கள் அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். அவர் இறந்தபோது, காசு யாருக்குச் சேர வேண்டும் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. தம்பி பிறக்கும் முன்னாலேயே எழுதியது, பிறகு மாற்றவில்லை. வந்த காசு 360,000 ரூபாய். முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். சட்டப்படி சரிதான். தம்பி ஒரு வார்த்தை கேட்டான், நான் சட்டத்தைச் சொன்னேன். அவன் கொழும்புக்கு வந்துவிட்டான். ஆறு வருஷம் நாங்கள் பேசவில்லை.

அந்த ஆறு வருஷமும் நான் கோவிலை விடவில்லை. வேலை விஷயமாகக் கொழும்பு வந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போவேன். செவ்வாய்க்கிழமையில் அங்கே எப்படிக் கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். மெழுகுதிரி ஏற்றி, முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என்னை முழுசா எடுத்துக்கொள்ளும்" என்று கண்ணீரோடு செபிப்பேன். தம்பி வேலை செய்த கடை அங்கிருந்து கால்மணி நேர நடை. ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

ஒரு தவக்காலத்தில் யோசப் வாஸ் அடிகளாரின் பத்திரத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்டேன். நானும் எழுதிப் பார்ப்போம் என்று பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாள் எடுத்தேன். என் உடம்பைத் தருகிறேன், என் வேலையைத் தருகிறேன், மனைவி பிள்ளைகளை உம் கையில் விடுகிறேன் என்று எழுதினேன். அடுத்தது என் காசு என்று எழுத வேண்டும். கை ஓடவில்லை. அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷம் நான் ஒப்புக்கொடுத்தது எல்லாம் எனக்குக் கஷ்டமில்லாத சாமான்கள். ஆண்டவர் கேட்ட ஒன்றைத்தான் நான் ஒளித்து வைத்திருந்தேன்.

காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறவன், உடன்பிறந்தவனுக்குத் தன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகட்டும் என்பது ஆண்டவரின் மலைப்பொழிவில் உள்ள போதனை. எத்தனையோ தரம் கேட்ட வாசகம். அன்றைக்குத்தான் அது எனக்குச் சொன்னது என்று தெரிந்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி அழுதாள். "பிள்ளைங்க படிப்புக்கு என்னா செய்யிறது?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். காசில் பாதி கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் போய்விட்டது, கையில் பெரிதாக ஒன்றுமில்லை. ரெண்டு கிழமை பேசிப் பேசி, மாதம் 5,000 ரூபாய் வீதம் 36 மாதம் கொடுப்பது என்று முடிவு செய்தோம். அது தம்பியின் பாதி, 180,000.

கடைக்குப் போனேன். தம்பி சீனி நிறுத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அவன்தான் முதலில் பேசினான். "அண்ணே, சாப்டீங்களா?" என்றான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு கேள்வி. கடைக்கு வெளியில் வந்து இரண்டு பேரும் அழுதோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இதுவரை 29 மாதம் கொடுத்திருக்கிறேன், இன்னும் 7 இருக்கிறது. தம்பி மனைவி என்னோடு இன்னும் அளவாகத்தான் பேசுகிறாள். சில மாதம் காசை எண்ணும்போது எனக்கே கசப்பு வருகிறது. அப்போது மறுபடியும் அந்தத் தாளை எடுத்து வாசிக்கிறேன், மறுபடியும் ஒப்புக்கொடுக்கிறேன். கெத்செமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளிக்க மூன்று தரம் அதே செபத்தைச் சொன்னார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். நமக்கு முந்நூறு தரம் வேண்டியிருந்தால் ஆச்சரியமில்லை. சிலுவையைச் சுமந்து பின்வரச் சொன்ன போதனையை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்கிறார்கள். லூக்கா மட்டும் அதில் "நாள்தோறும்" என்ற சொல்லையும் சேர்த்து எழுதியிருக்கிறார். நம் விசுவாசம் வளர்வது அந்த நாள்தோறும் என்ற சொல்லில்தான்.

தேயிலைச் செடியை நினைத்துப் பாருங்கள். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். வெட்டிய மலையைப் பார்த்தால் செத்துப்போன மாதிரி இருக்கும். சில மாதம் கூடையில் ஒன்றும் விழாது. பிறகு வருகிற கொழுந்துதான் கொழுந்து. வெட்டாமல் விட்ட செடி மரமாகப் போகும், கைக்கும் எட்டாது, நல்ல கொழுந்தும் தராது. ஆண்டவர் நம்மிடமிருந்து ஒன்றை வெட்டும்போது வலிக்கும். அது அழிப்பதற்காக அல்ல.

ஒப்புக்கொடுத்தால் ஆபத்து வராது என்றும் நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, இதே கொச்சிக்கடைக் கோவிலில் குண்டு வெடித்தது. அன்று செத்தவர்கள் செபிக்க வந்தவர்கள். அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் அதே கோவிலைத் திருத்தித் திறந்தபோது ஜனங்கள் திரும்பி வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். கஷ்டம் வராது என்று நம்பி வந்தவர்கள் அல்ல அவர்கள். கஷ்டத்திலும் அவர் கூட இருப்பார் என்று நம்புகிறவர்கள்.

கடைசியாக, வீட்டுக்குக் கொண்டுபோக நாலு விஷயம்.

ஒன்று, காலையில் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிஷம். தோட்டத்தில் பெரட்டுக்குப் போகும் முன், இங்கே கடை திறக்கும் முன், "இன்றைய நாள் உம்முடையது" என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.

இரண்டு, மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரம். இரவுக்கு ஒன்றாக 16 நாளில் முடிக்கலாம். போனில் படம் பார்க்கிற நேரத்தில் கொஞ்சம் போதும்.

மூன்று, தனியாக நிற்காதீர்கள். கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயம் இருக்கிறது, வெள்ளவத்தையில் புனித லோரன்ஸ் ஆலயம் இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பிள்ளைகள், ஞாயிறு பூசைக்குப் போக லீவு வேண்டும் என்று மரியாதையோடு, பயப்படாமல் கேளுங்கள்.

நாலாவது, நீங்களும் ஒரு தாள் எடுத்து எழுதிப் பாருங்கள். எழுதிக்கொண்டு போகும்போது எந்த இடத்தில் கை நிற்கிறதோ, அந்த இடத்தைத்தான் ஆண்டவர் கேட்கிறார். அது ஒரு கோபமாக இருக்கலாம், ஒரு போத்தலாக இருக்கலாம், ஊரில் அம்மாவுக்கு எடுக்காத ஒரு போன் கோலாக இருக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சேமலாப நிதிக் காசு யாருக்கு என்று எப்போதோ எழுதிக் கொடுத்ததை ஒருதரம் பாருங்கள். பிறகு பிறந்த பிள்ளை அதில் விடுபட்டிருந்தால் உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். அண்ணன் தம்பி சண்டையை அது நிறுத்தும். படிவம் நிரப்ப என்னிடம் வாங்க, நான் எழுதித் தருகிறேன்.

 ஆண்டவர் உங்களையும், மலையில் உங்களை நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களையும் காப்பாராக. வணக்கம்.