பேரு வைக்கிறதும் போராட்டந்தான்

(மேலூர் அருகே ஒரு பெயர்சூட்டு விழாவில் பேசியது)



நம்ம பாட்டிமாரு பேரு குப்பாயி, பிச்சாயி. பிள்ளை தங்கணுமேன்னு வச்சது. அழகான பேரு வச்சாலும் ஊர்த்தெருவில் 'ஏ, புள்ள'தான். நம்ம தும்பைப்பட்டி கக்கன் முதலானோர் 1939 ஜூலை 8இல் மதுரைக் கோயிலுக்குள் நுழையும்வரை, மீனாட்சின்னு பேருள்ள நம்ம பொண்ணும் மீனாட்சியைப் பார்த்ததில்லை.

இந்தப் பிள்ளைக்கு மீனாம்பாள்னு வைப்போம். 1904இல் ரங்கூனில் பிறந்து, அம்பேத்கர் வழியில் தென்னிந்திய ஷெட்யூல்டு வகுப்பார் சம்மேளனத்துக்குத் தலைவரான மீனாம்பாள் சிவராஜ் பேரு அது. பிறப்புப் பதிவுல 12 மாதத்துக்குள்ள கட்டணமில்லாம பேரு எழுதலாம், தள்ளிப்போடாதீங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியார் முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடணும். கூப்பிடாட்டி, "என் பேரு மீனாம்பாள்"னு அவளே எழுந்து சொல்லணும். அதைச் சொல்லிக்குடுக்கிறதுதான் நம்ம வேலை.