கிராம சுகாதார நிலையத்தில் பயிற்சி டாக்டர்கள் எதிர்பார்க்க வேண்டியவை

(கிராமப் பயிற்சிக்குப் புறப்படும் ஹவுஸ் சர்ஜன்களிடையே நிகழ்த்திய பிரசங்கம்)

 

நீங்கள் நாலரை வருஷம் படித்துப் பரீட்சையில் தேறி, ஒரு வருஷப் பயிற்சியில் இருக்கிறீர்கள். 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி அந்த ஒரு வருஷத்தில் 12 வாரங்கள் சமுதாய மருத்துவத்திற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதன் பொருட்டே நீங்கள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் புறப்படுகிறீர்கள். அங்கே உங்களுக்கு நேரக்கூடியவை எவை, அவற்றிற்கு எவ்விதம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பவற்றைச் சொல்லவே நான் இங்கு வந்திருக்கிறேன்.

உங்களில் பலர் இவ்வாரங்களை ஓய்வுக் காலமென்று எண்ணியிருக்கலாம். மேற்படிப்பிற்கான நுழைவுப் பரீட்சைப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கியும் வைத்திருக்கலாம். அதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். ஆயினும் பெரிய ஆஸ்பத்திரி உங்களுக்குக் கற்பிக்க இயலாத ஒன்று கிராமத்தில் இருக்கிறது. அது யாதெனில், நீங்கள் கொடுத்த மருந்து என்னவாயிற்று என்பதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பேயாம். பெரிய ஆஸ்பத்திரியில் வியாதியஸ்தர் கட்டிலைக் காலி செய்தவுடன் நமது பார்வையினின்றும் மறைந்துவிடுகிறார். கிராமத்திலோ அவர் திரும்பி வருகிறார்; அல்லது வராமலிருக்கிறார். இரண்டும் நமக்குப் பாடங்களே.

இந்த ஏற்பாடு எவ்வாறு உண்டாயிற்று?

கிராமத்திற்கு டாக்டரை அனுப்புவது புதிய எண்ணமன்று. சென்னை மாகாணத்தில் 1924-ஆம் ஆண்டிலேயே, நாட்டுப்புறத்தில் தங்கி வைத்தியம் செய்வோருக்குச் சர்க்கார் மானியம் அளிக்கும் திட்டம் ஏற்பட்டது. 1943-இல் நியமிக்கப்பட்ட போர் கமிட்டியார் 1946-இல் தங்கள் அறிக்கையை வெளியிட்டனர். வியாதியைத் தடுக்கும் வேலையும் அதைத் தீர்க்கும் வேலையும் ஒரே இடத்தில் நடைபெற வேண்டும் என்றும், வைத்திய மாணவர்கள் மூன்று மாதம் நோய்த்தடுப்பு, சமுதாய வைத்தியம் ஆகியவற்றில் பயிற்சி பெற வேண்டும் என்றும் அவர்கள் கூறினர். 1952-இல் சமுதாய அபிவிருத்தித் திட்டத்துடன் ஆரம்ப சுகாதார நிலையங்களும் தோன்றலாயின. சமவெளியில் 30,000 ஜனங்களுக்கு ஒரு நிலையமும், 5,000 ஜனங்களுக்கு ஒரு துணை நிலையமும் இருக்க வேண்டுமென்பது கணக்கு. ஆகவே நீங்கள் பெறப்போகும் 12 வாரம் தற்செயலாக ஏற்பட்டதன்று. அந்த மூன்று மாதத்தின் வழியில் வந்ததேயாகும்.

யாரை எதிர்பார்க்கலாம்?

1961-இல் கெர் வைட் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிடைத்த விவரங்களைக்கொண்டு அவர்கள் கண்டது இது: வயது வந்தோர் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதேனும் உடல் நலிவு ஏற்படுகிறது. அவர்களில் 250 பேர் டாக்டரை நாடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் படுப்பவர் 9 பேர். பல்கலைக்கழக ஆஸ்பத்திரியை அடைபவர் ஒரே ஒருவர். அக்கணக்கு நம் நாட்டினுடையதன்று. எனினும் அது காட்டும் உண்மை நமக்கும் பொருந்தும். நீங்கள் இதுவரை படித்ததெல்லாம் அந்த ஒருவரைப் பற்றியே. இப்பொழுது மற்ற 249 பேரும் உங்கள் எதிரே வரிசையில் நிற்கப்போகிறார்கள்.

அவர்கள் வியாதியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். "உடம்பெல்லாம் அசதி" என்பார் ஒருவர். "கைகால் குடைச்சல்" என்பார் மற்றொருவர். முதல் நாள் சுரத்துடன் வருகிறவரிடம் சுரத்தைத் தவிர வேறு குறியே இராது. இவ்விடத்தில் இளம் டாக்டர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வது வழக்கம். உள்ள பரிசோதனைகளையெல்லாம் எழுதிக்கொடுத்து ஏழையை அலைக்கழிப்பது ஒன்று. "ஒன்றுமில்லை, போய் வா" என்று அனுப்பிவிடுவது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. காலத்தையே ஒரு கருவியாகக் கொள்வதே அது. இன்று தெளிவாகாதது இரண்டு நாளில் தெளிவாகலாம். ஆனால் எப்பொழுது திரும்பி வரவேண்டும், எந்தக் குறி கண்டால் உடனே ஓடிவர வேண்டும் என்பவற்றை வாய்திறந்து சொல்லியனுப்பினால்தான் அவ்வழி பயன்படும். டெங்கு சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுரம் தணிகிற சமயத்திலேதான் அபாயம் தொடங்கக்கூடும். சுரம் விட்டதென்று வீட்டார் மகிழ்ந்திருக்கும்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே அழைத்துவர வேண்டும். இதை முதல் நாளே தாயிடம் சொல்லியிருந்தால் ஒரு குழந்தை பிழைக்கும்.

சாதாரணமாய்த் தோன்றும் அபாயங்கள்

நூறு சாதாரண வியாதிகளுக்கிடையே கொடியது ஒன்று எளிய வேஷத்தில் வந்து நிற்கும். "வாயுப் பிடிப்பு" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வருகிற நடுவயது விவசாயியை, வியர்வை கண்டிருந்தால், ஒருபோதும் ஜீரண மாத்திரையுடன் அனுப்பிவிடாதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின் முதலிய முதல் மருந்துகளைக் கொடுத்து அனுப்பும் திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டிருக்கிறது.

மற்றொன்று சொல்லுகிறேன். தரையில் படுத்துறங்கிய ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலியென்று வருகிறார். கடிபட்டதாக நினைவில்லை, உடம்பில் காயமும் இல்லை. அவருடைய கண் இமைகளைப் பாருங்கள். அவை தாழ்ந்து சரிந்தால், விழுங்குவதற்குச் சிரமப்பட்டால், கட்டுவிரியனை நினையுங்கள். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. உறங்குகிறவர் அறியவும் மாட்டார். நேரம் போனால் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். விஷமுறிவு மருந்தையும் செயற்கைச் சுவாசத்தையும் தாமதமின்றிக் கிடைக்கச் செய்வதே உங்கள் கடமை. மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது 108 வண்டியில் ஏற்றிவிட்டதுடன் கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். என்ன கண்டீர்கள், என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பவற்றைத் தெளிவான எழுத்தில் எழுதியனுப்புங்கள்.

சந்தேகம் தோன்றினால் நிலைய வைத்திய அதிகாரியை அழைக்க வெட்கப்பட வேண்டாம். பயிற்சி டாக்டர் தம் கையெழுத்தில் மருத்துவச் சான்றிதழோ, மரணச் சான்றிதழோ, சட்ட சம்பந்தமான வைத்தியப் பத்திரமோ கொடுக்கலாகாது என்பது விதி. ஊர்ப் பெரிய மனிதர் வந்து வற்புறுத்தினாலும் இவ்விதியை மீறாதீர்கள்.

என்னுடைய பிழை

இப்பொழுது என்னுடைய பயிற்சிக் காலத்தில் நேர்ந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நிலையத்திற்கு அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு விதவை மாதந்தோறும் வருவாள். இரத்த அழுத்தம் மிக அதிகம். நான் மாத்திரை எழுதினேன். மறுமாதம் அழுத்தம் இறங்கவில்லை, அளவைக் கூட்டினேன். அதற்கடுத்த மாதமும் இறங்கவில்லை. இன்னொரு மருந்தைச் சேர்த்தேன். மூன்றாம் முறையும் அப்படியே இருக்கக் கண்டு, வரிசையில் நின்றவர்கள் எதிரில் அவளைக் கடிந்துகொண்டேன். "சொன்னபடி சாப்பிடாவிட்டால் இங்கே எதற்காக வருகிறாய்?" என்று கேட்டேன். அவள் தலைகுனிந்து மருந்தை வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து நாளைக்குப் பின், கை முறிந்து கட்டுப்போட்டு வந்தாள். கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டாளாம். அழுத்தத்தைப் பார்த்தேன், மிகவும் தாழ்ந்திருந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் அவள் வீட்டிற்குப் போய் விசாரித்து வந்த பிறகே எனக்கு உண்மை விளங்கிற்று. நான் மூன்று மாதமாய்க் கொடுத்த மாத்திரைகள் அரிசிப் பானையில் பத்திரமாக இருந்தன. தலைவலி வந்த நாளில் மட்டும் ஒன்று எடுத்துக்கொண்டு, பஸ் வராத மாதத்திற்கென்று மீதியைச் சேமித்து வைத்திருந்தாள். உண்ணாத மருந்தின்மேல் மருந்தாக நான் கூட்டிக்கொண்டே போயிருந்தேன். நான் கோபித்துக்கொண்ட பின்னரோ, கூட்டிய அளவு முழுவதையும் ஒரே நாளில் தொடங்கிவிட்டாள். "டாக்டர் ஐயா மனசு வருத்தப்பட்டீர்களே, அதனால்தான் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டேன்" என்று அவள் சொன்னபோது நான் நாணி நின்றேன்.

நண்பர்களே! நான் புத்தகத்தில் உள்ளபடியே செய்தேன். ஆனால் "மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள், பாட்டி?" என்று ஒருமுறையும் நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அரை நிமிஷம் போதும். அதை நான் கேளாமையால் அவளுடைய கை முறிந்தது. அவள் அந்நிலையத்திற்குத் திரும்பி வந்திராவிட்டால் என் பிழையை நான் அறிந்திருக்கவும் மாட்டேன்.

கிராமத்தில் கற்கவேண்டியவை

இக்காரணத்தால் கீழ்க்கண்டவற்றை உங்களுக்குக் கூறுகிறேன்.

முதலாவது, கிராம சுகாதாரச் செவிலியருடன் வீடுகளுக்குப் போங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எவள் இரும்புச்சத்து மாத்திரையை மாட்டுக்கொட்டகையில் எறிகிறாள், எந்தக் குடும்பம் வேலைக்காக வெளியூர் போய்விட்டது என்பவற்றையெல்லாம் அவர் அறிவார். அவர் உங்களுக்குக் கீழ்ப்பட்ட சிப்பந்தி என்று எண்ணாதீர்கள். இவ்வாரங்களில் அவரே உங்கள் ஆசிரியை.

இரண்டாவது, புதன்கிழமைத் தடுப்பூசி வேலையை அற்பமென்று கருதாதீர்கள். குளிர்ப்பெட்டியில் ஊசிமருந்தை எவ்விதம் வைத்துக் காக்கிறார்கள் என்பதையும், வராத குழந்தையின் பெயரை ஏட்டில் எவ்விதம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பிழைத்த குழந்தை தான் பிழைத்ததை அறியாது. தடுத்த வியாதிக்கு யாரும் நன்றி சொல்வதும் இல்லை.

மூன்றாவது, நாள்பட்ட வியாதிகளே இன்று கிராமத்திலும் மிகுந்திருக்கின்றன. நீரிழிவிற்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீடு தேடி மருந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ்நாட்டில் தொடங்கிற்று. ஆயினும் மருந்து வீட்டு வாசல்வரை போவது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. அந்த இடைவெளியை அறிவதே உங்கள் வேலை.

நான்காவது, "ஊசி போடுங்கள்" என்று கேட்கிறவர்கள் பலர். தேவையில்லாத ஊசியையும், வெறும் சளிக்கு ஆண்டிபயாடிக் மருந்தையும் கொடுத்தால் அன்றைக்கு நல்ல பெயர் கிடைக்கும். நாளடைவில் கேடு விளையும். மறுக்கும்போது முகத்தைச் சுளிக்காமல், உடம்பைத் தொட்டு நன்றாகப் பரிசோதித்த பின் மறுங்கள். தம்மைக் கவனித்துப் பார்த்தார் என்ற திருப்தி உண்டானால் ஜனங்கள் ஊசியில்லாமலும் சமாதானத்துடன் போவார்கள்.

ஐந்தாவது, மரியாதை. வயதில் பெரியவர்களை ஒருமையில் அழைக்காதீர்கள். அன்றைய கூலியை இழந்து வந்து நிற்கிறவரிடம் "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்று அதட்டாதீர்கள். அதே கேள்வியைத் தணிந்த குரலில் கேட்டால் உண்மையான காரணம் வெளிவரும்.

முடிவுரை

எல்லாக் கிராமங்களிலும் எல்லாம் செவ்வனே நடக்கிறதென்று நான் சொல்லவில்லை. கூட்டம் அதிகமாக இருக்கும். பேசுவதற்கு நேரம் குறையும். சில சமயம் தனிமை வாட்டும். உங்கள் பெட்டியிலுள்ள பரீட்சைப் புத்தகமும் உங்களை அழைத்துக்கொண்டே இருக்கும். இவற்றிற்கிடையே ஒரேயொரு காரியத்தை உங்களிடம் வேண்டிக்கொள்கிறேன்.

நிலையத்தை அடைந்த முதல் வாரத்தில், நீங்களே பார்த்து மருந்து கொடுத்த 10 பேருடைய பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புறப்படும் வாரத்தில் அப்பத்துப் பேரையும் தேடிப்பிடித்துப் பாருங்கள். சிலர் குணமடைந்திருப்பார்கள்; உங்கள் மருந்தினாலா, தானாகவேயா என்று யோசியுங்கள். சிலர் மருந்தைத் தொட்டும் இரார், காரணத்தைக் கேளுங்கள். ஒருவர் வேறிடம் போய் வேறு வியாதியென்று அறிந்திருப்பார். எந்தக் குறியை நாம் காணத் தவறினோம் என்று ஆராயுங்கள். பிற்காலத்தில் நீங்கள் எவ்வளவு பெரிய நிபுணராக விளங்கினாலும், அந்தப் பத்துப் பெயர்களும் உங்களை விட்டு அகல மாட்டா. நான் எழுதிவைத்த பட்டியல் ஒரே பெயருடையது. அரிசிப் பானையில் மாத்திரை வைத்திருந்த அந்த அம்மாளுடையது. உங்கள் பட்டியல் அதனினும் நீண்டதாகவும், வருத்தம் குறைந்ததாகவும் அமைக.