ஒரு பப், ஒரு மைதானம், ஒரு திருட்டு: விம்பிள்டன் ரசிகர்களின் கதை

விம்பிள்டன்னு சொன்னதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு டென்னிஸ்தான் ஞாபகம் வரும். வெள்ளை டிரெஸ், பச்சைப் புல்தரை, ஸ்ட்ராபெர்ரி. இன்னைக்கு அந்தப் பக்கமே போகப்போறதில்ல.

தென்மேற்கு லண்டன்ல விம்பிள்டன் காமன்னு ஒரு பெரிய பொதுவெளி இருக்கு. மரங்கள், புல்வெளி, நாயைக் கூட்டிக்கிட்டு நடக்குற மனுஷங்க. அதோட ஓரத்துல கேம்ப் ரோடு. அந்தத் தெருவுல 'ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ்'னு ஒரு பழைய பப். 2002 மே மாசக் கடைசியில, அங்க நாலைஞ்சு கால்பந்து ரசிகர்கள் உட்கார்ந்து பேசினாங்க. அவங்க டீமை அந்த வாரம்தான் பறிகொடுத்திருந்தாங்க. தோத்ததைச் சொல்லல. டீமே ஊரை விட்டுப் போகப்போகுதுன்னு தீர்ப்பு வந்திருந்தது.

கொஞ்சம் பின்னாடி போவோம். விம்பிள்டன் கால்பந்து கிளப் 1889ல அங்க இருந்த ஒரு பள்ளிக்கூடத்தோட பழைய மாணவர்கள் ஆரம்பிச்சது. அந்தப் பொதுவெளியிலதான் விளையாடினாங்க. டிரெஸ் மாத்துற இடம் எதுன்னு கேட்டீங்கன்னா, இதே ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ் பப்தான். பிறகு 1912ல ப்ளவ் லேன்னு சொந்தமா ஒரு மைதானம். பல வருஷம் சின்ன லீக்குகள்லயே கிடந்த டீம், 1977ல ஃபுட்பால் லீக்குக்குள்ள நுழைஞ்சு, 1986ல முதல் டிவிஷனுக்கே வந்துடுச்சு. 1988ல எஃப்.ஏ. கோப்பை ஃபைனல்ல லிவர்பூலை 1-0ன்னு அடிச்சாங்க. அன்னைக்கு இங்கிலாந்தோட பெரிய டீம் லிவர்பூல்தான்.

அதுக்கப்புறம்தான் சிக்கல். 1989ல ஹில்ஸ்பரோ மைதானத்துல நடந்த நெரிசல்ல பல உயிர்கள் போச்சு. அதுக்குப் பிறகு பெரிய டீம்களோட மைதானங்கள்ல எல்லாருக்கும் இருக்கை கட்டாயம்னு விதி வந்தது. ப்ளவ் லேன்ல அதுக்கு வசதி இல்லை. 1991ல டீம் சில மைல் தள்ளி இருக்குற, கிரிஸ்டல் பேலஸோட செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு வாடகைக்குப் போச்சு. தற்காலிகம்னுதான் ரசிகர்கள் நம்பினாங்க. பழைய மைதானத்தை ஒரு சூப்பர்மார்க்கெட் கம்பெனிக்கு வித்துட்டாங்க. வாடகை வீட்டுல பத்து வருஷம் இருந்தவங்களுக்குத் தெரியும், தற்காலிகம்ங்கிற வார்த்தைக்கு என்ன மதிப்புன்னு.

2001 ஆகஸ்ட்ல கிளப் நிர்வாகம் அறிவிச்சது: டீமை மில்டன் கீன்ஸுக்கு மாத்தப்போறோம். லண்டனுக்கு வடக்கே, விம்பிள்டன்ல இருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். 1960கள்ல திட்டம் போட்டு உருவாக்கின புது நகரம், அங்க லீக் அளவுல ஒரு டீம் கிடையாது. நமக்கு இது பெரிய அதிர்ச்சியா தெரியாம இருக்கலாம். ஐபிஎல் பார்த்து வளர்ந்தவங்க நாம. டீம்ங்கிறது ஒருத்தர் ஏலத்துல எடுக்குற சொத்துன்னு பழகிட்டோம். இங்கிலாந்துல அப்படி இல்ல. கடைசி லீக்ல இருந்து ஜெயிச்சு ஜெயிச்சுத்தான் மேல வரணும். மில்டன் கீன்ஸ்காரங்களுக்கு டீம் வேணும்னா கீழ இருந்து ஒண்ணு ஆரம்பிச்சு ஏறி வரலாமே, எங்க இடத்தை ஏன் எடுக்குறீங்கன்னு ரசிகர்கள் கேட்டாங்க. எனக்கும் அந்தக் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் சரியான பதில் கிடைக்கல.

2002 மே 28. எஃப்.ஏ. நியமிச்ச மூணு பேர் கமிஷன், 2-1ன்னு பிரிஞ்சு, மாற்றத்துக்கு அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் புதுசா ஒரு கிளப் ஆரம்பிக்கிறதைப் பத்தியும் அந்தத் தீர்ப்புல ஒரு கருத்து இருந்தது: அது கால்பந்தோட பரந்த நலனுக்கு உகந்தது இல்லையாம். அந்த ஒரு வரியை விம்பிள்டன் ரசிகர்கள் மறக்கவே இல்ல. இன்னைக்கும் கிண்டலா சொல்லிக்காட்டுவாங்க. இதுல ஒரு வேடிக்கை. இந்த எஃப்.ஏ. 1863ல எங்க பிறந்தது தெரியுமா? லண்டன்ல ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன்ங்கிற ஒரு மதுக்கடையில. (சிரிக்கிறார்) பப்ல உட்கார்ந்து கால்பந்து அமைப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னுதாரணமே அவங்கதான்.

சரி, நம்ம பப்புக்கு வருவோம். அங்க கூடினவங்கள்ல கிறிஸ் ஸ்டூவர்ட், மார்க் ஜோன்ஸ், ட்ரெவர் வில்லியம்ஸ், ஐவர் ஹெல்லர்னு நாலு பேரை புதுக் கிளப்போட நிறுவனர்கள்னு சொல்றாங்க. மே 30ஆம் தேதி விம்பிள்டன் சமூகக்கூடத்துல ரசிகர் சங்கத்தோட கூட்டம். இன்னும் அப்பீல், கேஸ்னு போராடலாமான்னு ஒரு பக்கம் பேச்சு. சங்கத் தலைவரா இருந்த ஸ்டூவர்ட் எழுந்து, சண்டை போட்டு அலுத்துப்போச்சு, எனக்குக் கால்பந்து பார்த்தாப் போதும்ங்கிற அர்த்தத்துல பேசினார். கூட்டம் புதுக் கிளப் பக்கம் சாய்ஞ்சது.

இந்தக் கதையைச் சொல்ற பலபேர் பப்பை ஒரு மந்திரக்கூடம் மாதிரி ஆக்கிடுவாங்க. நாலு பேர் பீர் குடிச்சாங்க, ஐடியா வந்தது, கிளப் ரெடின்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அதுக்கு முந்தின சீசன் முழுக்க இவங்க ஊர்வலம் போனாங்க. கிளப் விக்கிற மேட்ச் புத்தகத்தை வாங்காம, தாங்களே ஒண்ணு அச்சடிச்சு வித்தாங்க. யாருக்கு அச்சகம் தெரியும், யாருக்குக் கணக்கு தெரியும், யார் காலையில ஏழு மணிக்கு மழையிலயும் வந்து நிப்பாங்கங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. அந்தப் பட்டியல் கையில இருந்ததாலதான் பப் பேச்சு பப்லயே முடிஞ்சுபோகல.

ஏன்னா அடுத்து நடந்ததோட வேகத்தைப் பாருங்க. ஜூன் 29ஆம் தேதி ஆட்டக்காரர் தேர்வு. இடம் அதே விம்பிள்டன் காமன். 230 பேர் வந்தாங்க. ஜூலை 10ஆம் தேதி முதல் ஆட்டம், சட்டன் யுனைடெட் கூட நட்புப் போட்டி. தீர்ப்பு வந்து ஆறு வாரம்தான் ஆச்சு. 4,657 பேர் பார்க்க வந்தாங்க. 4-0ன்னு தோத்தாங்க. முடிஞ்சதும் ரசிகர்கள் மைதானத்துக்குள்ள ஓடி வந்து கொண்டாடினாங்க. நாலு கோல் வாங்கின டீமைத் தோள்ல தூக்குற அளவுக்குச் சந்தோஷம்.

புதுக் கிளப் பேரு ஏ.எஃப்.சி. விம்பிள்டன். உரிமை 'டான்ஸ் டிரஸ்ட்'ங்கிற ரசிகர் அமைப்புக்கிட்ட. ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு, அவ்வளவுதான். கம்பைண்ட் கவுண்டீஸ் லீக்ல ஆரம்பிச்சாங்க. பார்ட் டைம் ஆட்டக்காரங்க, வேலியோரம் நின்னு பார்க்கிற மைதானங்கள். ஆனா முதல் சீசன்ல இவங்க ஹோம் மேட்சுக்குச் சராசரியா 3,000 பேர். அதே வருஷம் பழைய கிளப் இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்லதான், இங்கிலாந்தோட இரண்டாம் நிலை லீக்ல ஆடிக்கிட்டிருந்தது. அங்க கூட்டம் அதைவிடக் குறைவு.

2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்கள்ல தோல்வியே இல்ல. 2011ல லூட்டன் டவுனை பெனால்டியில ஜெயிச்சு ஃபுட்பால் லீக்குக்குள்ள வந்தாங்க. ஒன்பது வருஷத்துல ஐந்து படி.

மறுபக்கம், பழைய கிளப் 2003ல மில்டன் கீன்ஸுக்குப் போய், 2004ல எம்.கே. டான்ஸ்னு பேரை மாத்திக்கிச்சு. 2007ல பழைய கோப்பைகளும் வரலாறும் விம்பிள்டன் இருக்குற மெர்ட்டன் பகுதிக்கே திரும்பி வந்தது. 2012 டிசம்பர்ல ரெண்டு டீமும் எஃப்.ஏ. கோப்பையில முதல்முறை மோதினப்ப எம்.கே. 2-1ன்னு ஜெயிச்சது. 2017ல சொந்த மைதானத்துல நடந்த மேட்சுல, விம்பிள்டன் தன்னோட மேட்ச் புத்தகத்துல எதிரணி பேரை வெறும் 'மில்டன் கீன்ஸ்'னு மட்டும் போட்டது. 'டான்ஸ்'ங்கிற வார்த்தையை அவங்களுக்கு விட்டுக்கொடுக்க மனசில்ல. லீக் அதுக்கு நடவடிக்கை எடுக்கப் பார்த்தது, பிறகு கைவிட்டது.

எனக்கு இதுல ரெண்டு மனசு. மில்டன் கீன்ஸ்ல 2004க்கு அப்புறம் பிறந்த ஒரு பையனுக்கு அதுதான் சொந்த ஊர் டீம். அவன் எதையும் திருடல. ஆனா அவனுக்காக இவங்க மறந்துடணும்னு சொல்ற தைரியமும் எனக்கு இல்ல.

மைதானக் கதையைச் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். பழைய ப்ளவ் லேனுக்குப் பக்கத்துல ஒரு நாய்ப் பந்தய மைதானம் இருந்தது. அந்த இடத்துல புதுசா கட்ட முடிவு பண்ணாங்க. நடுவுல காசு பத்தல. வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கலாமான்னு பேச்சு வந்தது. அதுக்குப் பதிலா ரசிகர்களே கிளப்புக்குக் கடன் கொடுத்தாங்க, பாண்டு வாங்கி. 50 லட்சம் பவுண்டுக்கு மேல சேர்ந்தது.

2020 நவம்பர் 3. 29 வருஷத்துக்குப் பிறகு ப்ளவ் லேன்ல முதல் ஆட்டம். டான்காஸ்டர் ரோவர்ஸ் கூட 2-2 டிரா. கொரோனா காலம்ங்கிறதால உள்ள ஒரு ரசிகர்கூட இல்ல. கட்டினவங்க எல்லாரும் வீட்டுல உட்கார்ந்து ஸ்க்ரீன்ல பார்த்தாங்க.