முத்துச்சிப்பியும் மனித உடலும்



என் தம்பிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுற்றபோது, எங்கள் தாயார் தம்முடையவற்றுள் ஒன்றை அவனுக்கு அளித்தார்கள். சில ஆண்டுகள் அவன் நலமாக இருந்தான். நலமாகத்தானே இருக்கிறோம், இனி மாத்திரை எதற்கு என்று எண்ணி, எவரையும் கேளாமல் அவற்றை நிறுத்திவிட்டான். சில மாதங்களில் அச்சிறுநீரகம் செயலிழந்தது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவாறு அவன் என்னைக் கேட்டான்: “அண்ணே, ஒரு சிப்பியின் சதையை இன்னொரு சிப்பிக்குள் வைத்தால் ஒட்டிக்கொள்கிறதே. பெற்ற தாய் கொடுத்தது எனக்கு ஏன் ஒட்டவில்லை?”

தூத்துக்குடிக் கடலோடு பழகியவன் கேட்ட கேள்வி அது. பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்த என்னிடம் அன்று விடை இல்லை. பின்னர் நூல்களைத் தேடிக் கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் சிப்பியைக் காண்போம். நம் கரையின் முத்துப்பார்களில் 1955-இல் மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. பின்னர் 1973-இல், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் அழகர்சுவாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். சிப்பி ஓட்டைக் கடைந்து செய்த சிறு உருண்டையை ஒரு சிப்பியின் உடலுக்குள் வைப்பார்கள். ஓட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்சதையில் ஒரு துணுக்கை வேறொரு சிப்பியிலிருந்து வெட்டியெடுத்து, உருண்டையை ஒட்டி வைப்பார்கள். அத்துணுக்கு வளர்ந்து, உருண்டையைப் பைபோலச் சூழ்ந்து, அதன்மேல் முத்துப்பொருளைச் சுரக்கிறது. உருண்டையை வெளித்தள்ளிவிடும் சிப்பிகளும், மாண்டுபோகும் சிப்பிகளும் உண்டு. எனினும், அயல் சிப்பியின் சதை பல சிப்பிகளில் உயிரோடு நிலைக்கின்றது.

இது எவ்வாறு இயல்கிறது? சிப்பியின் குருதியில், கிருமிகளை விழுங்கும் செல்கள் உண்டு. ஆனால் நம் உடலிலுள்ள ‘டி செல்’ என்னும் படைவீரன் சிப்பிக்கு இல்லை. தாடையுள்ள முதுகெலும்பு உயிர்களுக்கே டி செல் உண்டு. நம் வலையில் விழும் மீனுக்கு உண்டு; நமக்கும் உண்டு.

ஆயினும், இவ்வீரன் தானாகப் போருக்குப் புறப்படுவதில்லை. எதிரியை அவனுக்கு ஒருவர் காட்ட வேண்டும். வேப்பலோடையில் முத்து விளைந்த அதே 1973-இல், நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ப் ஸ்டைன்மன், சான்வில் கோன் என்னும் இருவர், எலியின் மண்ணீரலில் கிளை விரித்த வடிவுடைய ஒரு செல்லைக் கண்டனர். டெண்ட்ரிட்டிக் செல் என்பது அதன் பெயர். நாம் அதனைக் கிளைச்செல் என்போம். இந்த ஆய்வுக்காகவே 2011-இல் ஸ்டைன்மனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

துறைமுகத்திற்கு வரும் சரக்கில் ஒரு கைப்பிடி மாதிரி எடுத்து, அதிகாரி முன் தட்டில் வைப்பதைக் கண்டிருப்பீர்கள். கிளைச்செல்லின் தொழிலும் அத்தகையதே. தோலிலும் குடலிலும் மூச்சுப்பாதையிலும் அது காவல் நிற்கிறது. அயற்பொருளை விழுங்கி, துண்டாக்கி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பிலுள்ள புரதத் தட்டில் ஏந்தி, நிணநீர் முடிச்சுக்குச் செல்கிறது. அங்கே அத்துண்டுக்குப் பொருந்தும் டி செல் அதனை அடையாளம் கண்டுகொள்கிறது.

காட்டுவது மட்டும் போதாது. ‘இதில் ஆபத்து உண்டு’ என்னும் இரண்டாவது குறிப்பையும் கிளைச்செல் தரவேண்டும். அது கிடைக்காத டி செல் பெரும்பாலும் செயலற்று அடங்கிவிடும். மூன்றாவதாக, கிளைச்செல் சுரக்கும் வேதிப்பொருள்கள், டி செல் எவ்வகை வீரனாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவுகின்றன. காசநோய்க் கிருமி போல் செல்லுக்குள் ஒளிந்திருப்பதை எதிர்க்க ஒரு வகை. குடற்புழுவை எதிர்க்க வேறொரு வகை. போரைத் தணிக்கவும் ஒரு வகை. தடுப்பூசியும் கிளைச்செல்லின் வழியாகவே நம் உடலுக்குப் பாடம் கற்பிக்கிறது.

இனி, என் தம்பியின் கேள்விக்கு வருவோம். முன் சொன்ன புரதத் தட்டு ஆளுக்கு ஆள் வேறுபடும். பிள்ளை அதில் பாதியைத் தாயிடமிருந்தும், பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறான். ஆகவே, தாயின் உறுப்பில் பிள்ளைக்குப் பொதுவாயுள்ளது ஒரு பாதி. மறுபாதி அவனுக்கு அயலாகவே இருக்கக்கூடும். அந்த அயலைக் கிளைச்செல்கள் காட்ட, டி செல்கள் எழுகின்றன. தாயின் அன்பை அவை அறியா. அவற்றை அடக்கி வைத்திருந்தவை அம்மாத்திரைகளே. உடல் நலமாக இருந்ததே மாத்திரை வேலை செய்ததற்குச் சான்று. அதனை அவன் நோய் தீர்ந்ததற்குச் சான்றாக எண்ணிவிட்டான்.

‘மாத்திரையை நிறுத்தாதே’ என்று நானும் பலமுறை சொன்னதுண்டு. ஏன் நிறுத்தலாகாது என்று சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. காரணம் அறியாத கட்டளை நெஞ்சில் நிற்பதில்லை. ஆசிரியனாகிய நானே இதனைப் பிந்திக் கற்றேன். உங்கள் இல்லத்தில் உறுப்பு மாற்றம் பெற்றவர் எவரேனும் இருந்தால், இக்காரணத்தை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட அவர் விடலாகாது.