கஸ்டர் தளபதியின் சிலையும் கருங்குன்றுகளின் தங்கமும்

(தொழிலாளர் படிப்பகத்தில் ஆற்றிய உரை)



நாற்சந்தியிலே குதிரைமேல் ஒரு மனிதன் வெண்கலத்தில் அமர்ந்திருந்தால், அவன் மாபெரும் வீரன் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவனை அங்கே யார் வைத்தார்கள், எந்த ஆண்டில் வைத்தார்கள், எந்தக் கதையைச் சொல்ல வைத்தார்கள், எந்தக் கதையை மறைக்க வைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. இன்று ஒரே ஒரு குதிரைப்படைத் தளபதியை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். அவர் பெயர் ஜார்ஜ் ஆர்ம்ஸ்ட்ராங் கஸ்டர். அமெரிக்க நாட்டவர். அந்நாட்டில் அவரைப்போல் ஓவியத்திலும் சிலையிலும் சினிமாவிலும் இடம்பெற்ற குதிரைப்படைத் தளபதிகள் மிகச் சிலரே.

முதலில் அவருடைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

கஸ்டர் 1839ஆம் ஆண்டு ஓஹியோ மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் கொல்லர். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் 1861இல் தம் வகுப்பிலேயே கடைசி மாணவராகத் தேறி வெளியே வந்தார். அப்பொழுதுதான் அடிமை முறையைக் காக்கப் புறப்பட்ட தென் மாநிலங்களுக்கும் வட மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. கஸ்டர் வடக்கின் பக்கம் போரிட்டார். 1863இல், 23 வயதிலேயே, குதிரைப்படைத் தளபதி ஆனார். அதே ஆண்டு கெட்டிஸ்பர்க் போரில் முன்வரிசையில் நின்று படையை நடத்தினார். அவருடைய துணிச்சலை நாம் மறுக்க வேண்டியதில்லை. அந்தப் போர் நியாயமான பக்கத்தில் நின்று அவர் நடத்திய போர்.

ஆனால் துணிச்சல் ஒரு கத்தியைப் போன்றது. அதை யார் கையில் எடுக்கிறார்கள், எதை அறுக்க எடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1865இல் போர் முடிந்தது. 1866இல் கஸ்டரை 7ஆவது குதிரைப்படைக்கு லெப்டினன்ட் கர்னலாக அனுப்பினார்கள். பதவி சற்றுக் குறைந்தாலும் "தளபதி" என்ற பட்டம் மக்கள் வழக்கில் அவரோடு ஒட்டிக்கொண்டது. இம்முறை எதிரே நின்றவர்கள் அடிமை எஜமானர்கள் இல்லை. செவ்விந்தியர் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த அந்நாட்டின் பூர்வகுடி மக்கள்.

1868 நவம்பர் 27 அன்று விடியற்காலையில், வாஷிட்டா ஆற்றங்கரையில் உறங்கிக்கொண்டிருந்த ஷையன் மக்களின் குடியிருப்பைக் கஸ்டரின் படை தாக்கியது. அதன் தலைவர் பிளாக் கெட்டில் சமாதானம் வேண்டி நின்றவர். அவரும் அவர் மனைவியும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். பலர் கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். அம்மக்களின் குதிரைகளை நூற்றுக்கணக்கில் நிறுத்திவைத்துச் சுட்டுக் குவித்தார்கள். குதிரை இல்லாவிட்டால் அவர்களுக்கு வேட்டை இல்லை. வேட்டை இல்லாவிட்டால் சோறு இல்லை. இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் செய்தார்கள்.

அதே 1868இல்தான் அமெரிக்க அரசு லக்கோட்டா மக்களோடு ஓர் ஒப்பந்தம் எழுதியது. பிளாக் ஹில்ஸ் என்னும் கருங்குன்றுகள் உட்பட ஒரு பெரும் நிலப்பரப்பு லக்கோட்டா மக்களுக்கே உரியது என்று அதில் கையெழுத்திட்டது. அந்த மை காய்ந்து ஆறு ஆண்டு ஆவதற்குள், 1874இல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு கஸ்டர் அந்தக் குன்றுகளுக்குள் நுழைந்தார். பத்திரிகை நிருபர்களும் கூடவே போனார்கள். தங்கம் கிடைத்தது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அதற்கு முந்தின ஆண்டுதான் பெரிய வங்கி ஒன்று கவிழ்ந்து, நாட்டில் நெருக்கடி ஏற்பட்டு, ஏராளமானவர்கள் வேலையிழந்து தவித்துக்கொண்டிருந்தார்கள். கும்பல் கும்பலாகக் குன்றுகளை நோக்கிப் புறப்பட்டார்கள். அரசு முதலில் நிலத்தை விலைக்குக் கேட்டது. லக்கோட்டா மக்கள் கொடுக்கவில்லை. 1876 ஜனவரி 31க்குள் எல்லோரும் அரசு குறித்த எல்லைக்குள் வந்துவிட வேண்டும், வராதவர்கள் பகைவர்கள் என்று உத்தரவு பிறந்தது. படை புறப்பட்டது.

1876 ஜூன் 25 அன்று மொன்டானாவில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் இருந்த பெருங்குடியிருப்பைக் கஸ்டர் தாக்கப் போனார். லக்கோட்டா, ஷையன், அரபாஹோ வீரர்கள் திருப்பித் தாக்கினார்கள். கஸ்டரும் அவரோடு நின்ற ஏறத்தாழ 210 பேரும் ஒருவர் மிச்சமில்லாமல் மடிந்தார்கள். அமெரிக்கா சுதந்திரத்தின் நூறாவது ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில் இந்தச் செய்தி வந்து சேர்ந்தது.

தோழர்களே, கஸ்டரின் வாழ்க்கை இங்கே முடிகிறது. கலையின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் போரை லட்சக்கணக்கான அமெரிக்கர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது எது தெரியுமா? ஒரு சாராயக் கம்பெனியின் விளம்பரப் படம்! காசிலி ஆடம்ஸ் என்ற ஓவியர் கஸ்டரின் கடைசிப் போரைப் பெரிய ஓவியமாகத் தீட்டியிருந்தார். அது பீர் காய்ச்சும் ஆன்ஹைசர்-புஷ் கம்பெனியின் கைக்கு வந்தது. அதைத் தழுவி ஓட்டோ பெக்கர் என்பவர் வரைந்த படத்தை அக்கம்பெனி 1896இல் அச்சடித்து, தன் பெயரையும் கீழே பொறித்து, மதுக்கடைகளுக்கெல்லாம் அனுப்பியது. நம்மூர்க் கடைக்காரர் காலண்டர் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்து குடிக்க உட்கார்ந்த தொழிலாளியின் கண்ணுக்கு நேரே, நடுவில் நீண்ட முடி பறக்க, வாளை ஓங்கியபடி கஸ்டர் நின்றார். சுற்றிலும் பூர்வகுடிகள் கொடிய விலங்குகளைப் போலச் சூழ்ந்து நின்றார்கள்.

அந்தப் படத்தில் எவ்வளவு உண்மை? போருக்குப் போகும் வழியிலேயே 7ஆவது குதிரைப்படை வாள்களைப் பெட்டியில் கட்டி விட்டுவிட்டுப் போயிற்று. கஸ்டர் தம் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தார். வாளும் பொய், முடியும் பொய். இவை சின்னப் பொய்கள். பெரிய பொய் வேறு. தாக்கப் போனவனைத் தாக்கப்பட்டவனாகக் காட்டியதே அந்தப் பெரிய பொய். படத்தில் ஒப்பந்தம் இல்லை, தங்கம் இல்லை, குடியிருப்பில் இருந்த குழந்தைகள் இல்லை. பார்க்கிறவனுக்குக் கோபம் வரும். காரணம் மட்டும் தெரியாது.

அடுத்துச் சிலைகளுக்கு வருவோம். கஸ்டரின் மனைவி எலிசபெத் அம்மையார் கணவர் இறந்தபின் 57 ஆண்டு வாழ்ந்தார். மூன்று நூல்கள் எழுதிக் கணவரின் புகழைக் காத்தார். வெஸ்ட் பாயிண்டில் 1879இல் வைத்த சிலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1884இல் அதை எடுத்தே விட்டார்கள். அவர் மனம் நோகக் கூடாது என்று, குறை தெரிந்த அதிகாரிகள் பலரும் வாய் திறக்கவில்லை. அவர் 1933இல் காலமானார். கஸ்டரைப் புகழாசை பிடித்தவர் என்று கண்டித்த வரலாற்று நூல் மறு ஆண்டே வெளிவந்தது. கைம்பெண்ணின் அன்பை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் பூர்வகுடிகளிலும் எத்தனையோ பெண்கள் கணவனை இழந்தார்கள். அவர்களுடைய துக்கத்துக்கு அன்று எந்த அச்சுக்கூடம் கதவைத் திறந்தது?

மிச்சிகன் மாநிலத்தில் மன்றோ என்னும் ஊர் அந்த அம்மையாரின் சொந்த ஊர். அங்கே 1910 ஜூன் 4 அன்று கஸ்டரின் குதிரைச் சிலையைத் திறந்தார்கள். எட்வர்ட் பாட்டர் என்ற சிற்பி செய்த சிலை. குதிரையை இழுத்து நிறுத்தி, எதிரியைக் கண்டுகொண்ட கோலம். கெட்டிஸ்பர்க் நாளின் கஸ்டர் அது. வாஷிட்டாவின் கஸ்டரை வெண்கலத்தில் வார்க்க யாரும் விரும்பவில்லை. நாட்டின் ஜனாதிபதி டாஃப்ட் விழாவுக்கு நேரில் வந்தார்.

அதே நாட்களில் கருங்குன்றுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1877இல் அரசு சட்டம் போட்டு அந்தக் குன்றுகளைப் பறித்துக்கொண்டது. அங்கே ஹோம்ஸ்டேக் என்ற தங்கச் சுரங்கம் பெருகி வளர்ந்தது. 2002இல் மூடப்படும்வரை அதிலிருந்து ஏறத்தாழ 4 கோடி அவுன்ஸ் தங்கம் எடுத்தார்கள். அந்தச் சுரங்கத்தின் தொழிலாளர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். 1909 நவம்பரில் நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. சங்கத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்தவனுக்கே வேலை என்றது. சங்கம் உடைந்தது. மன்றோவில் கஸ்டர் சிலையின் திரை விலகியது அதற்குச் சில மாதம் கழித்துத்தான். பூர்வகுடியிடமிருந்து நிலத்தைப் பறித்தவர்கள், அந்த நிலத்தைத் தோண்டிய தொழிலாளியிடமிருந்து சங்கத்தைப் பறித்தார்கள். இந்த இரண்டாவது கதைக்கு எந்தக் கடையிலும் படம் மாட்டவில்லை.

கஸ்டரோடு செத்த சிப்பாய்கள் யார்? மாதம் 13 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்களில் பலர். கஸ்டரின் எலும்புகளை 1877இல் எடுத்துச் சென்று வெஸ்ட் பாயிண்டில் மரியாதையோடு புதைத்தார்கள். சிப்பாய்களின் எலும்புகள் அந்த மேட்டிலேயே கிடந்தன. 1881இல் அவற்றைக் கூட்டி ஒரே குழியில் போட்டு மேலே ஒரு கருங்கல் தூணை நிறுத்தினார்கள். தூணில் அவர்கள் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு அரசு வைத்த பெயர் "கஸ்டர் போர்க்களம்"!

அதே 1881ஆம் ஆண்டு இன்னொரு நினைவுச் சின்னமும் பிறந்தது. ரெட் ஹார்ஸ் என்பவர் லிட்டில் பிக்ஹார்னில் போரிட்ட லக்கோட்டா வீரர். ஓர் இராணுவ மருத்துவர் கேட்டுக்கொண்டதால், தாம் கண்ட போரை 42 படங்களாகத் தாளில் வரைந்து கொடுத்தார். வண்ணப் பென்சிலும் மையும்தான் கருவி. வரிசையாகக் கூடாரங்கள், பாய்ந்து வரும் குதிரைகள், மண்ணில் குளம்படிகள், மாண்டு கிடக்கும் சிப்பாய்கள், மாண்டு கிடக்கும் தம் மக்கள், தாள் நிறையச் செத்த குதிரைகள். நடுவில் வாள் ஓங்கிய ஒற்றை நாயகன் அங்கே இல்லை. போர் என்றால் என்ன என்று தெரிந்தவனின் கை வரைந்தது அது. அந்தப் படங்கள் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மதுக்கடைப் படத்தை நாடே பார்த்தது. இவற்றைப் பொதுமக்கள் பார்க்க நெடுங்காலம் ஆயிற்று.

சினிமாவும் சும்மா இருக்கவில்லை. 1941இல் எரல் ஃபிளின் என்ற நட்சத்திர நடிகரைக் கஸ்டராக்கித் தியாகி வேடம் கட்டினார்கள். 1970இல் வந்த "லிட்டில் பிக் மேன்" படத்தில் அதே கஸ்டர் வெறிபிடித்தவராக வந்தார். நடுவில் நடந்தது என்ன? வியட்நாம் போர்! 1968இல் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை செய்த படுகொலை அம்பலமாகியிருந்தது. அதைக் கேட்டவர்களுக்கு வாஷிட்டா நினைவுக்கு வந்தது. மக்கள் விழித்துக்கொண்டால் பழைய சிலையின் முகமும் மாறிவிடும்.

அந்த விழிப்பு போர்க்களத்துக்கும் வந்தது. 1988 ஜூன் 25 அன்று அமெரிக்க இந்தியர் இயக்கத்தார் ரஸ்ஸல் மீன்ஸ் தலைமையில் சென்று, யாருடைய அனுமதியையும் கேட்காமல், தங்கள் வீரர்களுக்காக ஓர் உலோகத் தகட்டைச் சிப்பாய்களின் நினைவிடத்தில் பதித்தார்கள். 1991இல் சட்டம் இயற்றி "கஸ்டர் போர்க்களம்" என்ற பெயரை எடுத்து "லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம்" என்று மாற்றினார்கள். பூர்வகுடிகளுக்கும் நினைவகம் எழுப்ப அதே சட்டம் இடம் தந்தது. பணம் உடனே தரவில்லை. 1999 முதல் அவ்வீரர்கள் விழுந்த இடங்களில் செந்நிறக் கற்கள் நடப்பட்டன. 2003 ஜூன் 25 அன்று நினைவகம் திறக்கப்பட்டது. போர் நடந்து 127 ஆண்டு!

அந்த நினைவகத்தை நாம் கவனிக்க வேண்டும். உயர்ந்த பீடம் இல்லை. மண்ணோடு மண்ணாக ஒரு வட்டச் சுவர். கோலின் கட்ஷல் என்ற லக்கோட்டாப் பெண் கலைஞர் உருவாக்கிய கம்பிச் சிற்பம் அங்கே நிற்கிறது. குதிரைமேல் போகும் வீரர்கள், அவர்களில் ஒருவனுக்குக் கேடயம் எடுத்துக் கொடுக்கும் ஒரு பெண். கம்பிகளுக்கு ஊடே வானமும் புல்வெளியும் தெரிகின்றன. சுவரில் ஒரு வாயில், சிப்பாய்கள் புதைந்த தூணை நோக்கித் திறந்திருக்கிறது. அந்தச் சிப்பாய்களின் ஆவிகளும் உள்ளே வரட்டும் என்று விட்ட வாயில் அது. 13 டாலர் கூலிக்கு வந்து செத்தவனை, அவனை அனுப்பியவர்கள் குழியில் தள்ளினார்கள். அவன் தாக்கப் போன மக்கள் அவனுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தோழர்களே, கல்லும் கம்பியும் கிடைத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா? 1980இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டே, கருங்குன்றுகளை எடுத்ததற்கு அரசு நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல். லக்கோட்டா மக்களும் அவர்களுடைய சகோதரக் குலத்தாரும் வறுமையில் வாடுகிறவர்கள்தாம். இருந்தும் அந்தப் பணத்தைத் தொடவில்லை. வாங்கினால் நிலத்தை விற்றதாக ஆகிவிடும், எங்களுக்கு வேண்டியது நிலம் என்றார்கள். கருவூலத்தில் அந்தப் பணம் வட்டியோடு வளர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கருங்குன்றுகளில் ஓர் ஊருக்கு இன்றும் கஸ்டர் என்றுதான் பெயர்.

மன்றோவின் சிலையை அகற்ற வேண்டும் என்று 2020இல் கோரிக்கை எழுந்தது. எடுப்பதா வைப்பதா என்று அந்த ஊரார் முடிவு செய்யட்டும். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குதிரைமேல் இருப்பவனை அண்ணாந்து பார்க்கும்போதே, குதிரையின் காலடியில் இருக்கும் நிலம் யாருடையது என்றும் கேட்க வேண்டும். ஏர் பிடிக்கிறவனுக்கும் தறி ஓட்டுகிறவனுக்கும் அந்தக் கேள்வி புதிதில்லை. லக்கோட்டா மக்கள் அதை 1877 முதல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில் இன்னும் பாக்கியிருக்கிறது.