புழுவும் அதன் கொடியும்



தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்தது பாராடாங் தீவு. அங்குள்ள சுண்ணாம்புக்கல் குகைகளைக் காணச் செல்வோர், அலையாத்தி மரங்கள் இருமருங்கும் செறிந்த உப்பங்கழியில் படகேறிச் சென்று, பின்னர்க் காட்டுவழியே நடக்கின்றனர். வழியில் பறக்கும் வண்ணத்துப் பூச்சிகளைக் கண்டு மகிழாதார் இல்லை. ஆயின், அருகிலுள்ள இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. அப்பூச்சிகளின் வாழ்வும் தாழ்வும் அவ்விலையையே சார்ந்துள்ளன.

முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுடைய பூச்சி என்பன அவற்றின் நான்கு பருவங்கள். இவற்றுள் வளர்ச்சி நிகழ்வது புழுப்பருவத்தில் மட்டுமே. புழு ஓயாது உண்கிறது. தோல் இறுகும்போது அதனை உரித்து மேலும் பருக்கிறது. பெரும்பாலும் நான்கு முறை இவ்வாறு உரித்தபின், கூட்டுப்புழுவாகிறது. வெளியே உறக்கம் போல் தோன்றினும், உள்ளே பழைய உறுப்புகள் பல கரைந்து, புதிய சிறகும் காலும் உருப்பெறுகின்றன. சிறகு முளைத்த பின்னர் வளர்ச்சி என்பது இல்லை.

இதற்குத் தக்க சான்று அட்லாஸ் அந்துப்பூச்சி. அக்குடும்பத்தில் ஒன்று அந்தமானுக்கே உரியது. பட்டுக்கூட்டினின்று வெளிவரும் இப்பூச்சிக்கு உண்ணத்தக்க வாயே இல்லை. புழுவாயிருந்தபோது சேமித்த கொழுப்பைக் கொண்டே இணை தேடி, முட்டையிட்டு, ஓரிரு வாரங்களில் மடிகிறது.

புழு எந்த இலையையும் உண்ணும் என எண்ணலாகாது. அந்தமானில் மட்டுமே வாழும் கரிய வண்ணத்துப் பூச்சி ஒன்று உண்டு. அதன் வால்நுனி சிவந்திருக்கும். அந்தமான் கிளப்டெயில் என்பது அதன் பெயர். அதன் புழுவுக்கு உணவு, ஈசுவரமூலி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடி. இவ்வகைப் பெண்பூச்சிகள் முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவையறிந்த பின்னரே முட்டையிடுகின்றன. அக்கொடியில் உள்ள நஞ்சு புழுவுக்குக் கேடு செய்வதில்லை. மாறாக, அதன் உடலில் சேர்ந்து, சிறகு முளைத்த பின்னும் தங்கி, பறவைகளிடமிருந்து காக்கிறது. கொடி அழியின், உணவும் காப்பும் ஒருங்கே அழியும்.

1877ஆம் ஆண்டில் பிரடெரிக் மூர் என்னும் ஆங்கில அறிஞர், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வண்ணத்துப் பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பெயரிட்டு வரிசைப்படுத்தினார். 1997இல் வீணாகுமாரி, மோகன்ராஜ், ஸ்ரீகுமார் ஆகியோர், அத்தீவுகளில் எப்புழு எச்செடியை உண்கிறது என்பதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். சிறகை அறிவது ஒரு பாதி. இலையை அறிவது மறு பாதி. பூச்சியைப் பிடியாது விட்டுவிட்டோம் என்று மனநிறைவு கொண்டு, பாதையோரக் கொடியைக் களையென வெட்டி எறிவோமாயின், நாம் காத்தது ஒன்றுமில்லை.

இதை உணர அந்தமான் வரை செல்ல வேண்டுவதில்லை. உங்கள் வீட்டு எலுமிச்சங்கன்றில் பறவையின் எச்சம் போல் ஒட்டியிருக்கும் சிறு புழுவைப் பாருங்கள். மருந்து தெளிக்கக் கை எழுமுன், சில இலைகளை அதற்கு விட்டுக்கொடுங்கள். சில வாரங்களில் உங்கள் முற்றத்திலேயே அது சிறகு விரிக்கும்.